ஆறாம் படி, ஏழாம் படி, எட்டாம் படி

திருத்தணி மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படிகள். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி என்று எங்கள் ஊரில் பால் மணம் மாறாத பிள்ளைகூடச் சொல்லும். அவற்றில் ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று படிகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நேர்ந்த அவமானத்துக்கு முழுப் பொறுப்பு நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் பக்கமும் நியாயம் உண்டு என்று நாலு வருஷமாக வாதாடிப் பார்த்துவிட்டேன். வீட்டில் ஒருவரும் கேட்பதாக இல்லை.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். (நைனாவும் ஒரு தடவை போயிருக்கிறார், கூரைக்கு ஓடு மாற்ற.) நைனா ரயில்வேயில் கேங்மேன். தண்டவாளத்தோடு நடந்து கட்டை கட்டையாகத் தட்டிப் பார்க்கும் வேலை. கையெழுத்து கேட்டால் கட்டைவிரலை நீட்டுவார். அவர் பெண் நான் கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்து, மெட்ராஸில் ஒரு கம்ப்யூட்டர் நிலையத்தில் உத்தியோகம். தினமும் காலையில் பாசஞ்சர் பிடித்து அரக்கோணம், அங்கே வண்டி மாறி மெட்ராஸ்.

அந்த வண்டியில் நான் உட்கார்ந்திருந்த அழகை நினைத்தால் இப்போது எனக்கே கன்னத்தில் ஒன்று போடத் தோன்றுகிறது. முதுகைச் சாய்க்க மாட்டேன். இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட கம்ப்யூட்டர் காகிதக் கட்டை மடியில் விரித்து, கையில் சிவப்புப் பேனாவோடு புருவத்தைச் சுருக்கிக்கொண்டு இருப்பேன். எதிரே கீரைக் கூடையோடு இருப்பவர் "இன்னாம்மா இது, ஜாதகமா?" என்று கேட்க வேண்டும். நான் ஒரு பெருமூச்சு விட்டு, "சொன்னா உங்களுக்குப் புரியாதுங்க" என்று சொல்ல வேண்டும். அதற்காகவே டிக்கெட் எடுத்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அந்த வாரம் என் மடியில் இருந்தது சாதாரணக் காகிதம் இல்லை. புதிய வகை மெஷின் ஒன்றுக்குக் கம்பைலர் தயார் செய்யும் வேலை எங்கள் நிலையத்துக்கு வந்திருந்தது. நாம் எழுதும் புரோகிராமை மெஷினுக்குத் தெரிந்த கட்டளைகளாக மாற்றிக் கொடுப்பதுதான் கம்பைலர். இந்த மெஷினில் வெக்டார் ரெஜிஸ்டர் என்று ஒன்று உண்டு. சாதாரண ரெஜிஸ்டரில் ஓர் எண்தான் தங்கும். இதில் அறுபத்துநாலு எண்கள் வரிசையாக உட்காரும். ஒரே கட்டளையில் அத்தனைக்கும் கணக்கு முடிந்துவிடும். அந்த எண்களை எந்த முகவரியிலிருந்து எப்படி அள்ளுவது என்பதற்குப் பல முறைகள். அவற்றில் ஒன்று இந்த மெஷினுக்கு மட்டுமே உரியது: ஒரு தடவை அள்ளி முடித்ததும் முகவரி தானாகவே அறுபத்துநாலு இடம் முன்னே நகர்ந்து, அடுத்த தடவைக்குத் தயாராக நிற்கும். அந்த வசதியைக் கம்பைலருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு திருத்தத்தை எங்கள் வரதன் சார் எழுதியிருந்தார். இதை பேட்ச் என்போம். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர், மென்மையான மனிதர். அவர் எழுதியதை இன்னொருவர் வரி வரியாகப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அது டேப்பில் ஏறும். அந்த இன்னொருவர், முதன்முறையாக, நான்.

எண்கள் எப்போதும் அறுபத்துநாலு அறுபத்துநாலாகவே வந்து நிற்காதே, மீதி வந்தால் என்ன செய்வது? வரதன் சார் அந்தச் சில்லறையை முதலிலேயே அள்ளிவிட்டார். முதல் தடவை மீதி மட்டும், அப்புறம் முழு முழு வரிசையாக. கடைசி வரிசை எப்போதும் நிறைவாக முடியும். படித்ததும் எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. எங்கள் மெஷினையே அந்தப் புது மெஷின் மாதிரி நடிக்கவைத்து ஓட்டிய சோதனைத் தாள்களைப் பார்த்தேன். எல்லாம் சரியாக ஓடியிருந்தன. சனிக்கிழமை மத்தியானம் முதல் பக்கத்தில் சிவப்பு மையால், "பிழை ஏதும் இல்லை. மிக அழகு" என்று இங்கிலீஷில் எழுதி, கீழே என் பெயரைப் போட்டு, அடியில் இரண்டு கோடும் இழுத்தேன். எங்கள் குடும்பத்திலிருந்து ஒரு முக்கியமான காகிதத்தில் விழுந்த முதல் கையெழுத்து அது. மை காயும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன். ஞாயிறு சாயங்காலம் வரதன் சார் டேப்போடு வடக்கே போகும் ரயில் ஏறுவதாக ஏற்பாடு. அங்கே ஒரு நிறுவனத்தில் மெஷின் காத்திருந்தது.

இதற்கும் படிக்கும் என்ன சம்பந்தம் என்றால், அம்மா.

எனக்கு உத்தியோகம் கிடைத்தால், வீட்டில் தன் கையால் இடித்த மஞ்சளும் குங்குமமும் வைத்து, ஒரு படி விடாமல் கற்பூரம் ஏற்றுவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். உத்தியோகம் கிடைத்து ஒரு வருஷம் ஆகியும் வேண்டுதல் பாக்கி. அம்மாவுக்கு முழங்கால் வலி. குனிந்து நிமிர்ந்து முந்நூற்று அறுபத்தைந்து தடவை என்றால் ஒரு பகல் போய்விடும். எனக்குத் தலைவலி வந்தால்கூட, "வேண்டுதல் நிக்குதில்ல, அதான்" என்பாள். கடைசியில் வீட்டுப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து செய்யலாம் என்று முடிவானது. அம்மாவோடு நான், சித்தி, நைனாவின் தங்கை கன்னியம்மா அத்தை, பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்த சொந்தக்காரப் பெண்கள் நால்வர். மொத்தம் எட்டுப் பேர்.

எட்டு என்ற எண்ணைக் கேட்டதும் எனக்குள் என்னவோ எரிந்தது. எட்டுப் பேர், வரிசை, ஒரே நேரத்தில் எட்டுப் படி. நாங்கள்தான் வெக்டார் ரெஜிஸ்டர்.

மலையடிவாரத்தில் காலை ஆறரைக்கு எட்டுப் பேரையும் நிற்கவைத்து வகுப்பு எடுத்தேன். ஆளுக்கு ஒரு படி. விசில் ஊதினால் குனிந்து மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்ற வேண்டும். ஏற்றி முடித்ததும் தானாகவே ஆளுக்கு எட்டுப் படி மேலே ஏறி, அடுத்த விசிலுக்குக் காத்து நிற்க வேண்டும். (விசில் நைனாவுடையது. வண்டி வந்தால் கேங்கை எச்சரிக்க ஊதுவது. அன்றைக்கு அது ஆன்மிகத்துக்கு வந்தது.) எட்டை நாற்பத்தைந்தால் பெருக்கினால் முந்நூற்று அறுபது, மீதி ஐந்து. அந்த ஐந்தை முதலிலேயே முடித்துவிட வேண்டும். அப்போதுதான் கடைசியில் எட்டுப் பேரும் முழு வரிசையாக உச்சியில் போய் நிற்போம், முருகன் பார்க்க அழகாக இருக்கும். கடைசிப் படி அம்மாவின் கையால் ஆகட்டும் என்று அம்மாவை எட்டாவது இடத்தில், எல்லோருக்கும் மேலே நிறுத்தினேன். அவளுக்குக் கீழே சித்தி, சித்திக்குக் கீழே கன்னியம்மா அத்தை. அடியில் நான். ஒவ்வொருவருக்கும் தொன்னையில் அளந்து கொடுத்தேன். மிச்சம் முழுக்க என் கையில் இருந்த எவர்சில்வர் தூக்கில்.

"முதல் விசிலுக்குக் கீழ இருக்கிற அஞ்சு பேர் மட்டும் வைங்க. மேல மூணு பேர் சும்மா நிக்கணும்" என்றேன்.

கன்னியம்மா அத்தை ஆறாவது படியில் நின்றபடி காலடியைப் பார்த்தாள். "ஏண்டி தேவகி, அப்போ நாங்க நிக்கற படிங்க?"

இப்போதும் அந்தக் கேள்வி கனவில் வருகிறது. ஒரு நல்ல பிழைத்திருத்தக்காரிக்கு வேண்டிய கேள்வி. கம்பைலர் என்றால் என்னவென்று தெரியாத அத்தை அதை முதல் நிமிஷத்தில் கேட்டாள். அதற்கு, எம்.எஸ்ஸி. படித்த நான், விசிலை வாயிலிருந்து எடுக்காமலே சொன்ன பதில்:

"அதெல்லாம் கணக்குல வரும் அத்த."

விசில் ஊதினேன். கீழே ஐந்து படிகளுக்குக் குங்குமம் ஏறியது. அது முடிந்ததும் எட்டுப் பேரும் எட்டுப் படி ஏறினோம்.

எவ்வளவு அழகாக ஓடியது தெரியுமா. குனிந்தோம், ஏற்றினோம், ஏறினோம். எட்டுச் சுடர்கள் ஒன்றாக எரிந்தன. இறங்கி வந்தவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். மொட்டை போட்டுக்கொண்டு வந்த தெலுங்குக் குடும்பம் ஒன்று, இது ஏதோ புதிய முறைப் பூஜை என்று நினைத்துப் பின்னாலேயே கும்பிட்டபடி வந்தது. நான் விசில்களை எண்ணிக்கொண்டே வந்தேன். ஆறு மணி நேர வேலையை ஒரு மணி நேரத்தில் முடிக்கும் பெருமை தலைக்கு ஏறி, கடைசிப் பத்து விசிலைக் கொஞ்சம் நீட்டி ஊதினேன்.

நாற்பத்தாறாவது விசில். குனிந்து என் படிக்கு வைத்துவிட்டு, எட்டு விளக்கையும் ஒருசேரப் பார்க்கலாம் என்று நிமிர்ந்தேன்.

ஐந்து பேர்தான் படியில் இருந்தார்கள்.

எனக்கு மேலே நாலாவது ஆளோடு படி முடிந்துவிட்டது. அதற்கு அப்பால் சமதளம். ஆனால் எங்கள் பெண்கள் சொன்ன சொல் தவறாதவர்கள். எட்டுப் படி ஏறச் சொன்னேன் அல்லவா, படி இல்லாவிட்டாலும் எட்டு அடி போயிருக்கிறார்கள். கன்னியம்மா அத்தை சுண்டல் கடை வாசல் கட்டையில் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். சித்தி குழாயடி மேடையில். இன்னும் தள்ளி, அம்மா கண்ணை மூடி உதட்டில் முருகா முருகா என்று முணுமுணுத்தபடி, எடை பார்க்கும் மெஷினின் கால் வைக்கும் தட்டுக்கு மஞ்சள் பூசி, பொட்டிட்டு, கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தாள். மெஷின்காரர் ஓடி வந்து, "இன்னாம்மா பண்றே, ரப்பர் எரியுது பாரு" என்று துண்டால் அடித்து அணைத்தார்.

அம்மா கண்ணைத் திறந்தாள். சிவப்பு விளக்கு சுற்றும் மெஷினைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

நாற்பத்தாறு விசில் சரி. அப்படியானால் வைத்ததும் சரி. மேலே மூன்று அதிகம் என்றால், கீழே எங்கோ மூன்று குறைவு. எங்கே? அத்தை நின்ற படி, சித்தி நின்ற படி, அம்மா நின்ற படி. முதல் தடவை ஐந்துதான் வைத்தோம். ஆனால் நகர்ந்தது எட்டு.

அந்த நொடியில் என் கண் முன்னால் வந்து நின்றது முருகன் இல்லை. காகிதக் கட்டின் ஆறாவது பக்கம். மெஷின் தானாக நகர்கிறதே, அது எப்போதும் அறுபத்துநாலுதான் நகரும். நாம் அள்ளியது எவ்வளவு என்று அது கேட்பதே இல்லை. முதலில் சில்லறையை அள்ளினால், இடையில் ஒரு கொத்து எண்கள் தொடப்படாமல் போகும். கடைசியில் எல்லை தாண்டிப் போய், யாருடைய எடை மெஷினிலோ கற்பூரம் ஏற்றும்.

சந்தோஷம் தாங்கவில்லை. அம்மாவை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினேன். "அம்மா, கெடைச்சிடுச்சிம்மா."

"இன்னாடி கெடைச்சிது?"

"தப்பு."

ஒரு வருஷ வேண்டுதல் கண்ணெதிரில் குலைந்து நிற்கும் தாயின் முன்னால், ஈர மஞ்சள் கையோடு மகள் குதிக்கிறாள். மூன்று படி விட்டுப்போனது என்று சொல்லும்போதும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அம்மாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கன்னியம்மா அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "கணக்குல வரும்னாளே, வந்துச்சா பாரு" என்றாள்.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. சாயங்காலம் டேப் ரயில் ஏறுகிறது, என் கையெழுத்தோடு. பிழை ஏதும் இல்லை, மிக அழகு, அடியில் இரண்டு கோடு. அந்த நிறுவனத்தில் போய்த் தப்பான எண்களைக் கொட்டினால் வரதன் சாரை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வெளிநாட்டுப் படிப்பு. படித்துப் பார்த்தது யார் என்று கேட்பார்கள். கேங்மேன் பெண்ணை வேலைக்கு எடுத்தபோதே முகம் சுளித்தவர்கள் அங்கே இரண்டு பேர் உண்டு. போன் செய்யலாம் என்றால், ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் டெலிபோனுக்குப் பூட்டு.

படியில் ஓடினேன். முந்நூற்று அறுபத்தைந்தையும் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கீழே எல்லோருடைய செருப்புக்கும் காவலாக உட்கார்ந்திருந்த நைனாவிடம் மூச்சிரைக்க மெட்ராஸ் வண்டி எப்போது என்று கேட்டேன். ரயில்வேக்காரர் ஏன் எதற்கு என்று கேட்க மாட்டார். "பாசஞ்சர் லேட்டா வந்துகினு கீது. ஓடுனா புடிச்சிடுவே" என்றார். ஓடினேன், பிடித்தேன், உட்கார்ந்தேன். மடியைப் பார்த்தேன். எவர்சில்வர் தூக்கு.

மிச்சக் குங்குமம் முழுவதும் என் மடியில். தொன்னைகளில் அளந்து கொடுத்தது அத்தனையும் தீர்ந்திருக்கும். அந்த மூன்று படிகளைத் தாண்டித்தான் ஓடி வந்திருக்கிறேன். குனிந்து மூன்று தடவை வைத்துவிட்டு வந்திருக்கலாம்.

தலையில் கை வைத்துக்கொண்டேன். அதற்குள் பக்கத்தில் இருந்த பாட்டி ஒருவர், "மலைக் குங்குமமாம்மா?" என்று தூக்கில் விரலை விட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார். அவரைப் பார்த்து எதிரே இருந்தவர். அவரைப் பார்த்து அடுத்த பெஞ்சு. முருகன் பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அரக்கோணம் வருவதற்குள் பெட்டி முழுக்கச் சிவந்த நெற்றி. மாறி ஏறிய வண்டியிலும் அதே கதை. இந்த முறை புடவைத் தலைப்பால் தூக்கை மூடி, "மூணு படிக்கு வேணுங்க" என்று கெஞ்சிக்கொண்டே போனேன். எந்த மூன்று படி என்று யாரும் கேட்கவில்லை.

ஆபீஸ் வாட்ச்மேனும் ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டுதான் உள்ளே விட்டார். வரதன் சார் டேப்பைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். முழங்கை வரை மஞ்சளும், கலைந்த தலையும், கழுத்தில் ரயில்வே விசிலுமாக நின்ற என்னைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டார்.

"சார், என் கையெழுத்தை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றேன்.

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். சோதனைகள் எல்லாம் சரியாக ஓடினவே என்று மெதுவாகக் கேட்டார். என்னென்ன அளவில் ஓட்டினீர்கள் என்றேன். அறுபத்துநாலு, நூற்று இருபத்தெட்டு, அறுநூற்று நாற்பது என்றார். ஒன்றிலும் மீதி கிடையாது. சில்லறையே இல்லாத இடத்தில் சில்லறைத் தப்பு எப்படித் தெரியும்? அந்தத் தாள்களைத்தான் நானும் பார்த்து மெய்சிலிர்த்தேன்.

"முந்நூத்தி அறுபத்தஞ்சு போட்டுப் பாருங்க சார்."

போட்டார். பிரிண்டர் கடகடவென்று அடித்தது. முதல் நாற்பத்தைந்து எண்கள் சரி. அடுத்து வரிசையாகப் பத்தொன்பது பூஜ்யம். கடைசியில் எல்லையைத் தாண்டிப் பத்தொன்பது இடத்தில் குப்பை. வரதன் சார் பூஜ்யங்களை விரலால் எண்ணிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"எங்கம்மா எடை மெஷினுக்குக் கற்பூரம் ஏத்தினாங்க சார்."

அவர் பேனாவை எடுத்தார். திருத்தியது இரண்டே வரி. முதல் தடவை மட்டும் தானே நகரும் முறையை விட்டுவிட்டு, எடுத்தது எத்தனையோ அத்தனையே நகரச் சொன்னோம். மறுபடி ஓட்டினோம். முந்நூற்று அறுபத்தைந்தும் வந்தன. நான் பழைய கையெழுத்தை அடித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். கோடு இழுக்கவில்லை. வரதன் சார் தூக்கிலிருந்து கொஞ்சம் குங்குமம் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு, டேப் பெட்டிக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டு ரயிலுக்குக் கிளம்பினார்.

நான் திருத்தணி வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கிவிட்டது. வீட்டுக்குப் போனால் பூட்டு. மலையடிவாரத்துக்கு ஓடினேன்.

எட்டாவது படியில் அம்மா. ஏழாவது படியில் சித்தி. ஆறாவது படியில் கன்னியம்மா அத்தை. காலையிலிருந்து அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள். வேறு குங்குமம் வாங்கித் தருகிறேன் என்று நைனா சொன்னதற்கு அம்மா, வேண்டிக்கொண்டது வீட்டுக் குங்குமம்தான் என்று சொல்லிவிட்டாளாம். போகிறவர் வருகிறவர் எல்லாம் இவர்களைப் பார்த்து இரக்கப்பட்டு, மடியில் பொங்கலும் சுண்டலும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அத்தையின் பக்கத்தில் தொன்னைகள் அடுக்கி இருந்தன.

"எங்கள பிச்சைக்காரிங்கனு நெனச்சிட்டாங்கடி. புளியோதரை மட்டும் நல்லா இருந்துச்சி" என்றாள் அத்தை.

நைனா செருப்புகளுக்கு நடுவிலிருந்து தலையைத் தூக்கினார். "மூணு கட்டைய விட்டுட்டு வந்தேன்னு சொன்னா எங்க இன்ஸ்பெக்டரு என்னை லைன்லயே நிக்க வுட மாட்டாரு. உனக்கு இன்னா பண்ணாங்க?"

"டேப்புக்குப் பொட்டு வெச்சாங்க நைனா."

தூக்கைச் சாய்த்துப் பார்த்தேன். ஊரெல்லாம் இட்டுக்கொண்டது போக அடியில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அம்மா எழுந்திருக்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். விரலால் தூக்கின் அடியைச் சுரண்டிச் சுரண்டி, ஆறுக்கு ஒன்று, ஏழுக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று என்று தன் கையாலேயே வைத்தாள். கடைசிப் படி அம்மாவின் கையால் ஆக வேண்டும் என்று நான் போட்ட திட்டத்தில் அது ஒன்றுதான் பலித்தது. மூன்று கற்பூரமும் எரிந்து முடியும் வரை கைகூப்பி நின்றாள். முடிந்ததும், "உன் மிஷின் சரியாப் பூட்ச்சா?" என்றாள். ஆச்சு என்றேன். "ஆங், வேண்டுதல் நிக்குதில்ல, அதான் தப்பு வந்துது" என்றாள்.

எங்கள் நிலையத்தில் இன்றைக்கும் எந்த பேட்ச் வந்தாலும் முந்நூற்று அறுபத்தைந்தில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து. அந்தச் சோதனைக்கு வரதன் சார் வைத்த பெயர் திருத்தணி. இதில் எனக்குக் கொள்ளைப் பெருமை. ஆனால் அந்தப் பெருமை வீட்டு வாசலோடு சரி. வீட்டில் விசேஷம் என்றால் பந்தி பரிமாறுவது கன்னியம்மா அத்தைதான். முதல் ஐந்து இலைக்குப் பாயசம் ஊற்றுவாள். ஆறு, ஏழு, எட்டைத் தாண்டி ஒன்பதாவது இலைக்குப் போய்விடுவாள். நான் எங்கே உட்கார்ந்தாலும் அன்றைக்கு எண்ணிக்கை எப்படியோ என் இலையில்தான் ஆறில் வந்து நிற்கும்.

போன தை மாதம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மறுவீட்டு விருந்தில் நான் ஆறாவது இலை, அவர் ஏழாவது. அத்தை பாயச வாளியோடு வந்தாள், ஐந்து இலைக்கு ஊற்றினாள், எங்கள் இரண்டு பேரையும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கடந்து போனாள். புது மாப்பிள்ளைக்குப் பாயசம் இல்லை. அவர் வெறும் இலையையும் போகிற வாளியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மரியாதையாகத்தான் கேட்டார், "அத்தை, எங்களுக்கு?"

கன்னியம்மா அத்தை ஒன்பதாவது இலையிலிருந்து திரும்பாமலே சொன்னாள்:

"அதெல்லாம் கணக்குல வரும் மாப்ள. உம் பொண்டாட்டியக் கேளு."